எண்ணெய் நனைந்த ஸ்பாஞ்ச்

1972இல் புனேயில் லூனா மொபெட் வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து, இரண்டு பேர் உட்காரக்கூடிய டிவிஎஸ் 50 வந்தது. பால் கேன், வாழை இலைக் கட்டு, தவிட்டு மூட்டை என்று எதை ஏற்றினாலும் சுமந்துகொண்டு இந்த 50 சிசி வண்டிகள் ஓடிய ஊர்ச் சாலைகள் பலவும் அன்று செம்மண்ணும் கப்பியுமாகவே இருந்தன. முன்னே ஒரு பஸ் போனால் பின்னே வருகிறவருக்கு வழி தெரியாத புழுதி. இன்று அந்த வண்டிகளைத் தேடிப் பிடித்து மறுபடி ஓட வைப்பவர்கள் பெயின்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஏர் ஃபில்டர் என்று வந்ததும் கடையில் கிடைத்ததை மாட்டிவிடுகிறார்கள். அந்தக் கால மொபெட்டின் ஃபில்டர் டப்பாவுக்குள் இருந்த எண்ணெய் நனைந்த ஸ்பாஞ்சோ கம்பி வலையோ காசு மிச்சம் பிடிக்க வைத்தது என்ற எண்ணமே இதற்குக் காரணம். செலவும் ஒரு கணக்குத்தான். ஆனால் அந்த எஞ்சினுக்கும் அந்தப் புழுதிக்கும் அதைவிடப் பொருத்தமான வடிகட்டி இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். இந்த மொபெட்டுகளின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தக் காற்று நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. பெட்ரோலோடும் அதில் கலந்த 2டி ஆயிலோடும் முதலில் கிராங்க் அறைக்குள் இறங்கி, பேரிங்குகளை நனைத்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. கூடவே வரும் மணல்துகள் பேரிங், பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர் என்று வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே போகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அழுக்கை வாங்கிக்கொள்ள அடியில் ஆயில் தொட்டி உண்டு, அதை வடித்து மாற்றலாம். இங்கே அந்த வசதி கிடையாது. தூசியைப் பிடிக்க எண்ணெயை நம்புவதும் புதிதல்ல. பழைய டிராக்டர்களில் காற்று ஒரு கிண்ண எண்ணெயை உரசிக்கொண்டுதான் உள்ளே போகும். சாய்ந்தும் குலுங்கியும் ஓடும் மொபெட்டில் கிண்ணம் நிற்காது, அதனால் எண்ணெயை ஸ்பாஞ்சில் ஏற்றினார்கள்.

பேப்பர் ஃபில்டர் இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்குமே என்று கேட்கலாம். பிடிக்கும், அது உலர்ந்திருக்கும்வரை. டூ ஸ்ட்ரோக் கார்ப்பரேட்டரின் வாயிலிருந்து ஆயில் கலந்த பெட்ரோல் கொஞ்சம் பின்னோக்கித் தெறிக்கும். பழைய ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் அடியில் தேங்கி நிற்கும் கறுத்த பிசுக்கு அதுதான். அதில் நனைந்த பேப்பர் அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சுக்கோ எண்ணெய்தான் பலம். கழுவி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில சொட்டு ஆயில் விட்டுப் பிசைந்து மறுபடி மாட்டலாம். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பல மைல் தள்ளியிருந்த ஊர்களில் அது சின்ன விஷயமில்லை.

டப்பாவையே கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டர் போட்டால் வண்டி பறக்கும் என்பவர்களை மறுப்பதுதான் கடினம், ஏனென்றால் முதல் சில நாள் அப்படித்தான் தோன்றும். ஆனால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட், அந்த டப்பாவின் குறுகிய வாய் தரும் தடையையும் கணக்கில் வைத்து அளந்தது. தடை போனால் காற்று கூடும். பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் விகிதத்தில் குறையும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முனை வெளுத்திருக்கும். சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்வது அடுத்த கட்டம். பெரிய ஜெட் போட்டுச் சரிக்கட்டலாம் என்றால் மைலேஜ் போய்விடும்; அந்த வண்டியை மக்கள் வாங்கியதே மைலேஜுக்காக.

சாலையெல்லாம் தார் ஆகிவிட்டதே என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. செம்மண் புழுதி குறைந்திருக்கிறது, ஆனால் லாரி சிந்திப்போகும் எம்-சாண்ட் தார்ச் சாலையிலும்தான் பறக்கிறது. ஆகவே தேட வேண்டியது பழைய அளவில், பழைய டப்பாவில் அடங்கும் புது ஸ்பாஞ்சை. பழையதையே கழுவிப் போடக் கூடாது: பல ஆண்டு கிடந்த ஸ்பாஞ்ச் விரலால் தொட்டாலே பிசுபிசுத்து உதிரும், அந்தத் தூளை எஞ்சினே உறிஞ்சிக்கொள்ளும். மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வெட்டி வைப்பதும் உதவாது, பெட்ரோல் பட்டால் அது தாங்கும் என்று சொல்ல முடியாது. டப்பாவுக்கும் கார்ப்பரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், எவ்வளவு நல்ல ஸ்பாஞ்ச் போட்டாலும் புழுதி அந்த வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும்.