புதிய கைப்பேசி பேட்டரிகள்: அறிவிப்புக்கும் உற்பத்திக்கும் இடையே ஊசலாடும் பங்கு விலைகள்

கைப்பேசி பேட்டரி தொழில்நுட்பத்தில் புதிய முன்னேற்றம் குறித்த அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம், அதனுடன் தொடர்புடைய நிறுவனங்களின் பங்குகள் மீது முதலீட்டாளர்களின் கவனம் திரும்புகிறது. இந்நிறுவனங்களில் பல வெளிநாட்டுச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டவை. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் இந்தியர் ஒருவர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாடுகளுக்கு அனுப்ப இயலும் என்பதால், இப்பங்குகளின் ஏற்ற இறக்கம் இந்தியச் சேமிப்பாளர்களையும் பாதிக்கக்கூடியதாகும்.

சிலிக்கான் மீதான எதிர்பார்ப்பு

லித்தியம் அயனி பேட்டரியை 1991-ஆம் ஆண்டு சோனி நிறுவனம் வணிகரீதியில் அறிமுகப்படுத்தியது. மின்னேற்றத்தின்போது லித்தியத்தைத் தேக்கிவைக்கும் மின்முனை தற்போது பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. ஒரு கிராம் கிராஃபைட், கோட்பாட்டளவில் 372 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கே மின்னூட்டத்தைத் தேக்கும். சிலிக்கான் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு தேக்க வல்லது. எனினும், மின்னேற்றத்தின்போது சிலிக்கானின் கன அளவு 3 மடங்குக்கும் மேலாகப் பெருகி, பின்னர் சுருங்குகிறது. இதனால் துகள்கள் நொறுங்கி, பேட்டரியின் ஆயுள் குறைகிறது. இதைக் கட்டுப்படுத்தவே சிலிக்கான், கார்பனுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படுகிறது.

சந்தை கண்ட அனுபவங்கள்

சிலிக்கான் மின்முனை பேட்டரிகளை உருவாக்கிவரும் அமெரிக்காவின் எனோவிக்ஸ் நிறுவனம், 2021 ஜூலையில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. முதல் ஆலையின் உற்பத்தி எதிர்பார்ப்பைவிடக் குறைவாக இருக்கும் என 2023 ஜனவரியில் அந்நிறுவனம் தெரிவித்ததையடுத்து, பங்கின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது.

அடுத்த இரு மாதங்களில், சிலிக்கான்-கார்பன் பேட்டரி கொண்ட மேஜிக் 5 ப்ரோ கைப்பேசியைச் சீனாவில் ஹானர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 2025 ஜனவரியில் இதே வகை பேட்டரியுடன் இந்தியாவுக்கு வந்த ஒன்பிளஸ் 13, 6,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்டது. முந்தைய ஒன்பிளஸ் 12-இன் கொள்ளளவு 5,400. ஒரு தொழில்நுட்பம் வெற்றி பெறுவதும், அதை முன்னிட்டு வாங்கிய பங்கு லாபம் தருவதும் வெவ்வேறு என்பதை இது உணர்த்துகிறது.

ஜப்பானின் டிடிகே நிறுவனம், லிட்டருக்கு 1,000 வாட் மணி ஆற்றல் அடர்த்தி கொண்ட திடநிலை பேட்டரிக்கான பொருளை உருவாக்கியுள்ளதாக 2024 ஜூனில் அறிவித்தது. ஆனால், கம்பியில்லாச் செவிப்பேசி, கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி போன்ற சிறு சாதனங்களே அதன் இலக்கு, கைப்பேசி அல்ல.

பாதுகாப்புக் குறைபாடும் பங்கு விலையைப் பாதிக்கும். பேட்டரிகள் தீப்பற்றியதால் கேலக்ஸி நோட் 7 கைப்பேசியின் உற்பத்தியை 2016 அக்டோபர் 11 அன்று சாம்சங் நிறுத்தியது. அன்று அதன் பங்கு விலை சுமார் 8 சதவீதம் வீழ்ச்சியடைந்தது.

கவனிக்க வேண்டியவை

புதிய பேட்டரி ஆய்வகத்திலிருந்து கைப்பேசிக்குள் இடம்பெறும் முன் மாதிரி தயாரிப்பு, கைப்பேசி நிறுவனத்தின் சோதனை, பெருமளவு உற்பத்தி ஆகிய கட்டங்களைக் கடக்க வேண்டும். எனவே, ஓர் அறிவிப்பு எந்தக் கட்டத்தைக் குறிக்கிறது, எத்தனை முறை மின்னேற்றம் செய்தபின் கொள்ளளவு எவ்வளவு எஞ்சுகிறது, தயாராகும் பேட்டரிகளில் குறைபாடற்றவை எத்தனை சதவீதம், விற்பனை ஒப்பந்தம் உறுதியானதா என்பவற்றை நிறுவனத்தின் காலாண்டு அறிக்கைகளில் சரிபார்ப்பது அவசியம். மாதிரிகள் அனுப்பப்பட்டன என்பது விற்பனை தொடங்கியதாகப் பொருள்படாது. சமூக ஊடகப் பரிந்துரைகளைத் தவிர்த்து, செபியில் பதிவு பெற்ற ஆலோசகரை அணுகுவது பாதுகாப்பானது.