வீட்டுக்குள் ஒரு படப்பிடிப்புக் கூடம்: இந்தியத் தன்னுருவ ஒளிப்பட வரலாறு

தன்னுருவப்படம் என்பது ஒருவர் தம்மையே எடுத்துக்கொள்ளும் ஒளிப்படமாகும். கைப்பேசியில் எடுக்கப்படும் செல்ஃபி இதன் இன்றைய வடிவம். ஆயினும் இவ்வழக்கம் ஒளிப்படக்கலை அளவுக்கே பழமையானது. 1839-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கார்னீலியஸ் தம் குடும்பக் கடையின் பின்புறத்தில் கேமராவை நிறுத்தி, அதன்முன் தாமே அசையாமல் இருந்து எடுத்த படம் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

இந்தியாவில் தொடக்கம்

1850-களில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. அக்காலத்தில் கேமரா பெரும்பாலும் ஆட்சியாளர், செல்வர், தொழில்முறைப் படப்பிடிப்பாளர் ஆகியோர் கையிலேயே இருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்னும் அரசு வெளியீடு, இந்திய மக்களைச் சாதி, குலம் என வகைப்படுத்திக் காட்டியது. படத்தில் இருப்பவர் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்தவர் படம் எடுப்பவரே.

இதற்கு மாறான முயற்சிகளும் நடந்தன. திரிபுரா மன்னர் வீரசந்திர மாணிக்கியர் 1880-ஆம் ஆண்டளவில் தம் அரசி மன்மோகினியுடன் இருக்கும் படத்தைத் தாமே கேமராவை இயக்கி எடுத்தார்.

உம்ராவ் சிங் சேர்கில்

வீட்டையே படப்பிடிப்புக் கூடமாக்கிக்கொண்டவர்களுள் முதன்மையானவர் உம்ராவ் சிங் சேர்கில் (1870–1954). பஞ்சாபின் மஜீதியா குடும்பத்தைச் சேர்ந்த இவர் சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற அறிஞர். ஓவியர் அமிர்தா சேர்கிலின் தந்தை. 1889 முதல் அறுபது ஆண்டுக்காலம் இவர் எடுத்த படங்களுள் எண்பதுக்கும் மேற்பட்டவை தன்னுருவப்படங்கள். புடாபெஸ்ட், சிம்லா, பாரிஸ் என்று குடும்பம் இடம்பெயர்ந்தபோதெல்லாம் கேமராவும் உடன் சென்றது.

கண்ணாடித் தகட்டில் தம்மைத் தாமே எடுப்பது எளிதன்று. கேமராவுக்குப் பின்னால் நின்று காட்சியை அமைத்தவரே முன்னால் வந்து அமர வேண்டும். அப்போது தம் உருவத்தைப் பார்க்க வழியில்லை. சன்னல் வெளிச்சம், இருக்கையின் இடம், உடல் திரும்பும் கோணம் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே கணிக்க வேண்டும். தகட்டைக் கழுவிய பிறகுதான் விளைவு தெரியும்.

உம்ராவ் சிங்கின் படங்களில் அறிஞர், குடும்பத்தலைவர், யோகப்பயிற்சி செய்பவர் எனப் பல தோற்றங்கள் உள்ளன. 1930-இல் பதினைந்து நாள் நோன்புக்குப் பின் மெலிந்த தம் உடலையும் அவர் படமாக்கினார். இது பெருமைக்காக எடுத்த படமன்று. தம் உடலையும் மனத்தையும் தாமே சோதித்து எழுதிய குறிப்பு போன்றது. இந்தியரை ஒரே வகைக்குள் அடைத்த காலத்தில், ஒரு மனிதருக்குள் பலர் உண்டு என்பதை இப்படங்கள் காட்டின.

இவை நெடுங்காலம் குடும்பத்திடமே இருந்தன. அவருடைய பேரனும் ஓவியருமான விவான் சுந்தரம் 2001-இல் தொடங்கிய ‘ரீ-டேக் ஆஃப் அமிர்தா’ என்னும் தொடரில், இப்படங்களைக் கணினி வழியாக இணைத்துப் புதிய படைப்புகளாக்கினார்.

பெங்களூரில் எழுந்த மறுமொழி

சானமாவு, ஓசூர் வட்டாரத்தை ஒட்டி, மாநில எல்லைக்கு அப்பால் உள்ளது பெங்களூரு. அந்நகரில் 1956-இல் பிறந்த கலைஞர் புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா’ என்னும் தொடரை உருவாக்கினார். ரவிவர்மாவின் ஓவியப் பெண், தமிழ்த் திரைப்பட நாயகி எனப் பல வேடங்களில் அவரே தோன்றினார். கட்டம் போட்ட திரைமுன் மக்களை நிறுத்தி உடலை அளந்த காலனியப் படங்களையும் நடித்துக் காட்டி, அவற்றின் அதிகாரத்தைக் கேலி செய்தார். இங்கு கேமராவை இயக்கியவர் வேறொருவர். ஆனால் எப்படித் தோன்றுவது என்னும் முடிவில் படத்தில் இருப்பவருக்கும் உரிமை இருந்தது.

தன்னுருவப்படத்தை மற்றப் படங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இவ்வுரிமையே. இன்று ஒரு சன்னல், ஒரு நாற்காலி, ஒரு கைப்பேசி இருந்தால் எந்த வீட்டிலும் இத்தகைய படம் எடுக்கலாம். ஆனால் தம்மை எப்படிக் காட்டுவது என்று உம்ராவ் சிங் சிந்தித்ததை ஒவ்வொருவரும் தாமேதான் சிந்திக்க வேண்டும்.