கற்பனை உரையாடல்

கற்பனை உரையாடல் என்பது ஒருவர் இன்னொருவருடன் பேசுவதாகத் தம் மனத்துக்குள் நிகழ்த்தும் உரையாடல் ஆகும். தாம் கூறுவதையும் அதற்கு மற்றவர் கூறக்கூடிய மறுமொழியையும் இங்கு ஒருவரே உருவாக்குகின்றார். நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் இரவில் கேள்விகளுக்கு மனத்துக்குள் விடை கூறிப் பார்த்தல், சண்டை முடிந்த பின்னர் "இப்படிக் கேட்டிருக்க வேண்டும்" என்று எண்ணி அதனை மீண்டும் நடத்துதல், இறந்துபோன தாயிடம் அன்றைய செய்தியைச் சொல்லுதல் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இது பலரிடமும் காணப்படும் இயல்பான மனச் செயற்பாடு. தன்னளவில் நோய் அன்று.

உளவியலில் இது அகப்பேச்சின் ஒரு வகையாகக் கொள்ளப்படுகின்றது. தொடர்பாடலியலில் 'கற்பனை ஊடாட்டம்' என்னும் பெயரில் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆராயப்பட்டு வருகின்றது.

கோட்பாட்டுப் பின்னணி

தனியே விளையாடும் சிறு குழந்தைகள் வாய்விட்டுத் தமக்குத் தாமே பேசிக்கொள்வதுண்டு. குழந்தை வளர வளர இப்பேச்சு மறைந்துவிடும் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கருதினார். உருசிய உளவியலாளர் லேவ் வைகாட்ஸ்கி இதனை மறுத்தார். இப்பேச்சு மறைவதில்லை, உள்ளே சென்று அகப்பேச்சாக மாறுகின்றது என்பது 1934 இல் வெளிவந்த அவரது நூலின் கருத்து. பிறருடன் பேசியே குழந்தை மொழியைக் கற்கின்றது. ஆகவே உள்ளே செல்லும் பேச்சிலும் உரையாடலின் தன்மை தங்கிவிடுகின்றது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடும் சிந்தனையை அகத்தே நிகழும் உரையாடலாகவே விளக்கினார். நாம் ஒன்றைச் சொல்லுமுன் பிறர் அதனை எவ்வாறு ஏற்பர் என்று அவர் நிலையில் நின்று பார்க்கின்றோம் என்றார் அவர். நெதர்லாந்து உளவியலாளர் ஹூபர்ட் ஹெர்மன்ஸ் 1992 இல் தம் குழுவினருடன் முன்வைத்த 'உரையாடும் தன்னிலை' என்னும் கருத்துரு, மனிதரின் தன்னிலையே ஒன்றோடொன்று பேசும் பல குரல்களால் ஆனது என்கின்றது.

பணிகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹனிகட் இத்துறையின் முதன்மையான ஆய்வாளர். கற்பனை ஊடாட்டத்துக்கு ஆறு பணிகள் உள்ளன என்று அவர் வகுத்தார்.

* உறவு பேணல் - தொலைவில் உள்ளவரை மனத்தில் இருத்தி உறவைத் தொடர்தல்.
* பிணக்கைக் கையாளல் - முடிந்த சண்டையை அசைபோடுதல், வரப்போகும் சண்டைக்கு ஆயத்தமாதல்.
* ஒத்திகை - சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிப் பார்த்தல்.
* தன்னறிதல் - தம் கருத்து எது என்பதைத் தாமே தெளிதல்.
* உணர்ச்சித் தணிப்பு - நேரில் காட்ட இயலாத கோபத்தையும் துயரத்தையும் வெளியேற்றுதல்.
* ஈடுசெய்தல் - நேரில் பேச வாய்ப்பில்லாத இடத்தில் அதற்கு மாற்றாக அமைதல்.

ஓர் உரையாடலே இவற்றில் பல பணிகளை ஒருங்கே ஆற்றலாம்.

கற்பனை மனிதரும் உண்மை மனிதரும்

கற்பனை உரையாடலில் மறுமொழி கூறுபவர் உண்மையான மற்றவர் அல்லர். அவரைப் பற்றி நாம் வைத்திருக்கும் மாதிரியே ஆகும். அம்மாதிரி நம் நினைவுகள், அச்சங்கள், விருப்பங்கள் ஆகியவற்றால் ஆனது. இதனால் இரு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, கற்பனையில் பெரும்பாலும் நாமே மிகுதியாகப் பேசுகின்றோம். மற்றவருக்குச் சில சொற்களே கிடைக்கின்றன. ஹனிகட் இதனைத் தன்மேலோங்கல் என்னும் இயல்பாகக் குறிக்கின்றார். மற்றொன்று, கற்பனையில் நடந்ததற்கும் பின்னர் நேரில் நடப்பதற்கும் இடையே வேறுபாடு தோன்றுகின்றது.

இவ்வேறுபாடு எப்போதும் ஏமாற்றமாக அமைவதில்லை. அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோர் தமக்கு உதவிய ஒருவருக்கு நன்றி தெரிவித்து மடல் எழுதினர். மடலைப் பெறுபவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் மிகையாக எதிர்பார்த்தனர். அவர் அடையும் மகிழ்ச்சியையோ குறைத்தே மதிப்பிட்டனர். மனத்துக்குள் கேட்ட மறுமொழியை நம்பி, சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லாமலே விட்டுவிட நேரலாம் என்பதை இது காட்டுகின்றது.

பிணக்கு நீடித்தல்

சண்டைகள் ஏன் எளிதில் முடிவதில்லை என்பதற்கு ஹனிகட்டின் பிணக்கு இணைப்புக் கோட்பாடு ஒரு விளக்கம் தருகின்றது. இருவரும் பிரிந்து சென்ற பின்னரும் சண்டை ஒவ்வொருவர் மனத்திலும் தொடர்கின்றது. முந்தைய சண்டையையும் அடுத்த சண்டையையும் இக்கற்பனை உரையாடல்களே இணைக்கின்றன. எடுத்துக்காட்டாக, மாலையில் உடன்பிறந்தவருடன் ஒரு முறை வாதிட்டவர் இரவுக்குள் அதே வாதத்தைப் பத்து முறை மனத்துக்குள் நடத்தியிருக்கலாம். மறுநாள் காலை அவர் கொண்டுவருவது பதினோராவது வாதத்தின் கோபம். மற்றவரோ தாம் கூறாத சொற்களுக்காகவும் குற்றம் சாட்டப்படுகின்றார். அவர் இல்லாத இடத்தில் அவர் பெயரால் வாக்குமூலம் எழுதப்பட்டுத் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகின்றது.

துன்ப நிகழ்வுகளைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கின்றது என்பதைச் சூசன் நோலன்-ஹோக்சிமாவின் ஆய்வுகள் காட்டின. சமூகப் பதற்றத்தில் நிகழ்வுக்கு முன்னும் பின்னும் நடைபெறும் இவ்வகை அசைபோடல் பதற்றத்தை நிலைநிறுத்துகின்றது என்று டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகியோர் 1995 இல் விளக்கினர். நிகழ்வை வெளியே நின்று பார்ப்பவர் போல நினைவுகூர்வது கோபத்தைத் தணிக்க உதவுகின்றது என்பது ஈத்தன் கிராஸ், ஓஸ்லம் அய்டுக் ஆகியோரின் முடிவு.

மூளை ஆய்வு

பென் ஆல்டர்சன்-டே, சார்லஸ் பெர்னிஹோ ஆகியோரின் குழு 2016 இல் வெளியிட்ட ஆய்வில், மனத்துக்குள் தனியே பேசுவதும் இருவர் பேசுவதாகக் கற்பனை செய்வதும் ஒப்பிடப்பட்டன. உரையாடலின்போது மூளையின் இரு பக்கங்களிலும் பரந்த வலையமைப்பு செயற்பட்டது. அதில் வலப்புறத்திலுள்ள ஒரு பகுதி, பிறர் மனத்தில் உள்ளதை ஊகிக்கும்போது செயற்படும் பகுதியுடன் ஒன்றியிருந்தது.

பயன்பாடுகள்

வெற்று நாற்காலி முறை என்னும் உளச்சிகிச்சையில், எதிரே உள்ள வெற்று நாற்காலியில் குறிப்பிட்ட ஒருவர் அமர்ந்திருப்பதாக எண்ணி அவருடன் வாய்விட்டுப் பேசச் செய்வர். பிரிட்ஸ் பெர்ல்ஸ் இதனைப் பரவலாக்கினார். பின்னர் இடம் மாறி அமர்ந்து அவராகவே மறுமொழியும் கூற வேண்டும். இறந்தோருடன் மனத்துக்குள் பேசுவதும் துயரத்தின் இயல்பான பகுதியாகவே இன்று பலரால் கருதப்படுகின்றது. இறந்தவருடனான பிணைப்பை அறுத்தால்தான் துயரம் தீரும் என்னும் பழைய கருத்தை 1996 இல் வெளிவந்த 'தொடரும் பிணைப்புகள்' என்னும் நூல் கேள்விக்குள்ளாக்கியது.

மென்பொருள் துறையில் நிரலின் பிழையைக் கண்டறிய மேசை மீதுள்ள ரப்பர் வாத்து பொம்மைக்கு நிரலை வரிவரியாக விளக்கும் வழக்கம் உண்டு. 1999 இல் வெளிவந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்னும் நூலால் இது பரவியது. கேட்பவருக்குப் புரிய வைக்க முயலும்போதே விளக்குபவருக்குத் தவறு தென்பட்டுவிடுகின்றது.

பிரமையிலிருந்து வேறுபாடு

கற்பனை உரையாடலில் ஈடுபடுபவர் இரு குரல்களும் தம்முடையவை என்பதை அறிவார். வேண்டும்போது பெரும்பாலும் நிறுத்தவும் முடியும். பிரமையில் குரல் வெளியிலிருந்து, தம் விருப்பமின்றி வருவதாக உணரப்படுகின்றது. அவ்வாறு குரல் கேட்பவர்களும், கற்பனை உரையாடலால் உறக்கமோ அன்றாடப் பணியோ கெடுபவர்களும் மருத்துவரை அணுகுதல் நன்று.

இலக்கியத்தில்

பதவியிழந்து பண்ணை வீட்டில் வாழ்ந்த இத்தாலியச் சிந்தனையாளர் மாக்கியவெல்லி, 1513 டிசம்பர் 10 ஆம் நாள் நண்பர் வெட்டோரிக்கு எழுதிய மடலில், மாலையில் அரசவை உடை அணிந்து படிப்பறைக்குள் சென்று பண்டைய மாந்தருடன் உரையாடுவதாகக் குறிப்பிட்டார். அவ்வுரையாடல்களின் பயனாகவே 'இளவரசன்' நூல் உருவானது என்பதும் அம்மடலில் உள்ளது. ஆங்கில எழுத்தாளர் வால்டர் சாவேஜ் லேண்டர் 1824 முதல் வரலாற்று மாந்தரிடையே நிகழ்வதாக எழுதிய தொகுப்பின் பெயரே 'கற்பனை உரையாடல்கள்'.

திருக்குறளின் 125 ஆம் அதிகாரமான 'நெஞ்சொடு கிளத்தல்', பிரிவில் வாடும் தலைவி தன் நெஞ்சை முன்னிலைப்படுத்திப் பேசுவதாக அமைந்தது. இங்கு எதிரே இருப்பது தன் நெஞ்சே ஆதலால் இது கற்பனை உரையாடலை ஒத்த அகப்பேச்சு எனலாம்.

இவற்றையும் பார்க்க

* அகப்பேச்சு
* பகற்கனவு
* கற்பனைத் தோழர்