கப்பல் விளம்பரமும் கங்காணி பேச்சும்



விற்பனை உத்தி, விளம்பரம், பிரச்சாரம் ஆகிய மூன்றும் இன்று ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிய, ஸ்ரீவைகுண்டத்தில் கூடியிருக்கும் நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் தூத்துக்குடித் துறைமுகத்தின் வரலாறே போதும்.

1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடி - கொழும்பு வழியில் ஆதிக்கம் செலுத்திவந்த பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி உடனே கட்டணத்தைக் குறைத்தது. பயணிகளுக்குக் குடைகூட இனாமாகக் கொடுத்தது என்று இன்றும் சொல்வார்கள். இது விற்பனை உத்தி: வாங்குபவர் எந்த விலைக்கு வருவார், எதைச் சேர்த்துக் கொடுத்தால் வருவார் என்ற கணக்கு.

பங்கு வாங்கச் சொல்லி வெளியிட்ட அறிவிப்பு விளம்பரம். சொல்பவர் யார், கேட்கும் தொகை என்ன என்பது அதில் வெளிப்படையாக இருக்கும். சுதேசிக் கப்பலை ஆதரிப்பது தேசக் கடமை என்று மேடைகளில் பேசியது பிரச்சாரம். அது சீட்டு விற்பதோடு நிற்பதில்லை. கேட்பவர் தம்மை யாராக எண்ண வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கிறது.

பிரச்சாரம் என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்காக நின்று, பின் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. நம் கேள்வி வேறு. சுதேசி மேடை சொன்ன 'நாம்' என்ற சொல்லுக்குள் சேரி இருந்ததா?

அந்தக் கேள்வியை அன்றே எழுப்பியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். சாதியைக் கைவிடாமல் சுதேசியம் பேசுவது எப்படி என்று அதில் தொடர்ந்து கேட்டார். ஏழையும் வாங்கக்கூடிய ஒரு பைசா விலை அவருடைய விற்பனை உத்தி. அந்த விலையைத் தலைப்பிலேயே வைத்தது விளம்பரம். உள்ளே இருந்தது பிரச்சாரம். மூன்றும் நம் கைக்கும் வரும் என்று அவர் காட்டினார். 1908இல் இதழின் பெயர் 'தமிழன்' ஆனது.

அதே துறைமுகத்தில் அச்சேறாத இன்னொரு பேச்சும் நடந்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் செல்வம் கிடைக்கும் என்று கங்காணிகள் ஊர் ஊராக ஆசை காட்டினார்கள். அதை நம்பி நம் மக்கள் தட்டப்பாறை முகாம் வழியாக இலங்கைக்குக் கப்பலேறினார்கள். கையில் வாங்கிய முன்பணம் தோட்டத்தில் கடனாக நின்றது. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

கங்காணி வேற்றாளாக வரவில்லை. தெரிந்த முகமாக, உறவு சொல்லி அழைத்தபடி வந்தார். தோட்டத்துரை ஆள் பிடிக்க அனுப்பியதை அந்த உறவு மறைத்தது. கடையில் ஏமாந்தால் கொடுத்த காசு போகும். இங்கே தலைமுறைகள் போயின.

இன்று கைப்பேசியில் வரும் சாதிப் பெருமைக் காணொளிகளும் உறவு சொல்லித்தான் நம் பிள்ளைகளை அழைக்கின்றன. அனுப்பியவர் யார், செலவு யாருடையது, அவர் சொல்லும் 'நாம்' என்பதில் நமக்கு என்ன இடம் என்று கேட்க அவர்களைப் பழக்குவோம். நாம் வெளியிடும் ஒவ்வொரு துண்டறிக்கையிலும் நம் பெயரையும் முகவரியையும் போடுவோம். பண்டிதர் அப்படித்தான் பேசினார்.

ஜெய்பீம்.