ஏழாம் பிரிவுக்கு ஓர் உரை

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்து, அதில் இருந்தவர்களுக்கு மறுவாழ்வு தரும் சட்டம் 2013இல் நிறைவேறி, அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஏழாம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். கழிவுநீரைக் கையாளும் மாநகராட்சி முதல் செப்டிக் டேங்க் உள்ள வீடு வரை எல்லோரும் அதற்குள் அடக்கம். சொல் சொல்லாக நின்று படிக்க வேண்டிய வாக்கியம் அது. தமிழில் இப்படிச் சொல்லலாம்:

எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும், சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுக்கு மிகாமல் மாநில அரசு அறிவிக்கும் நாளிலிருந்து, பாதாளச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய, நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரையும் ஈடுபடுத்தவோ வேலைக்கு அமர்த்தவோ கூடாது.

எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும்: ‘நபர்’ என்றால் வீட்டுக்காரர், ஹோட்டல் முதலாளி, அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் எல்லோரும்தான். உள்ளாட்சிக்கு இங்கே இரட்டைப் பொறுப்பு. ஊரில் யாரும் ஆளை இறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். தானும் இறக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டதும் அதுதான். தடுத்துவிட்டு அடைப்பை எப்படி எடுப்பது என்ற கேள்விக்கு 33ஆம் பிரிவு விடை சொல்கிறது: உரிய இயந்திரங்களைப் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை. ஆகவே வண்டி இல்லை, நிதி இல்லை என்பதெல்லாம் ஆளை இறக்கியதற்குச் சமாதானம் ஆகாது.

அறிவிக்கும் நாளிலிருந்து: சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுக்குள் அந்த நாள் வந்தாக வேண்டும் என்று இதே வாக்கியம் வரம்பு கட்டுகிறது. 2014 முடிவதற்குள் அந்தக் கெடு தீர்ந்துவிட்டது.

ஆபத்தான முறையில்: வாக்கியத்தின் பலவீனம் இந்தச் சொல்லில் இருக்கிறது. பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் தராமல், முன்னெச்சரிக்கை எடுக்காமல் கையால் செய்விப்பதே ‘ஆபத்தான துப்புரவு’ என்கிறது சட்டத்தின் விளக்கம். அப்படியானால் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து இறக்கலாமா? அந்த வாசலை 2013 விதிகள் பெருமளவு அடைக்கின்றன. கவசத்தோடுகூட ஆள் இறங்கக் கூடாது என்பதே பொது விதி. எண்ணிச் சொன்ன சில வேலைகள் மட்டும் விலக்கு. அவை தவிர, வேறு வழியே இல்லாத சூழலில் உள்ளாட்சியின் தலைமை நிர்வாகி தக்க காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். மேஸ்திரி வாயால் சொல்வது அனுமதி ஆகாது. எங்கேனும் ஆள் இறங்கினால் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.

விதி ஏன் இவ்வளவு கடுமை? மலமும் எஞ்சிய சோறும் எண்ணெயும் காற்றில்லாத குழியில் அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகின்றன. இரண்டாவது, காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் அடங்கிவிட்டது என்று இறங்குகிறவர் சாவுக்குள் இறங்குகிறார். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாமவரும் பல நேரம் திரும்புவதில்லை.

நேரடியாகவோ மறைமுகமாகவோ: வாக்கியத்தின் உயிர் இங்கே இருக்கிறது. ‘எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள்’ என்று உள்ளாட்சி கைகழுவ முடியாது. ‘லாரிக்குத்தான் பணம் கொடுத்தேன்’ என்று வீட்டுக்காரரும் நழுவ முடியாது.

எங்கள் தெருவில் ஒருமுறை பார்த்தேன். ஒரு வீட்டின் செப்டிக் டேங்கில் இறக்கிய லாரியின் குழாய் தண்ணீரை உறிஞ்சி முடித்து, வெறும் காற்றை இழுத்து உறுமியது. அடியில் சேறு இறுகிக் கிடந்தது. வீட்டுக்காரர், “கொஞ்சந்தான் தம்பி இருக்கு, இறங்கி வழிச்சு விட்டுடுங்க, மேல ஐந்நூறு தர்றேன்” என்றார். லாரியோடு வந்த இளைஞர் கால்சட்டையைச் சுருட்டத் தொடங்கினார். டிரைவர் தடுத்தார்: “ஆள் இறங்க மாட்டான் சார். தண்ணி ஊத்திக் கலக்குவோம், குழாயே இழுத்துக்கும்.” அப்படியே செய்தார்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆனது.

எவரையும்… கூடாது: இசைந்து வருகிறவரையும் இறக்கக் கூடாது, சம்மதம் இங்கே கணக்கில் இல்லை. மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகை, ஆள் போன பிறகு அவர் வீட்டுக்கு வருவது. ஏழாம் பிரிவு, போகாமல் காக்க எழுதப்பட்டது. அது நம்மிடம் கேட்பது சில குடம் தண்ணீரையும் அந்த அரை மணி நேரப் பொறுமையையும்தான்.