சம்பளம் வேண்டாம், பதவி போதும்!

‘எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?’

இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்ததும் நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிகமாகக் கேட்டால் வேலை போய்விடுமோ, குறைத்துக் கேட்டால் ஏமாந்துவிடுவோமோ! 1751-ல் கடலூரில் ஓர் இளைஞர் சொன்ன பதிலைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ‘சம்பளமே வேண்டாம். கேப்டன் பதவி மட்டும் கொடுங்கள்.’

அவர் பெயர் ராபர்ட் கிளைவ்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ரைட்டர்’, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக 1744-ல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18. சம்பளம் 5 பவுண்டு. மாதத்துக்கு இல்லை சார், வருஷத்துக்கு! வரும் வழியில் கப்பல் பிரேசிலில் மாதக்கணக்கில் நின்றுவிட, கேப்டனிடம் கைமாற்று வாங்கி, கடனாளியாகத்தான் கரையேறினார்.

இந்த ஐந்து பவுண்டுக்கா கடல் தாண்டி வந்தார்கள்? அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆசியத் துறைமுகங்களுக்குள் சொந்த வியாபாரம் செய்துகொள்ள ஊழியர்களைக் கம்பெனி அனுமதித்திருந்தது. நம்ம ஊர் பாஷையில், சம்பளம் வேறு, கிம்பளம் வேறு. வேலைக்கு ஆள் எடுத்தவர்களுக்கும் அது தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும்.

உதாரணம் வேண்டுமா? எலிஹு யேல். 1672-ல் இதே ரைட்டர் வேலைக்கு 10 பவுண்டில் வந்தவர், சென்னை கவர்னர் ஆனார், கோடீஸ்வரராக இங்கிலாந்து திரும்பினார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அது அவர் பெயர்தான். கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் மராட்டியர்களிடம் கம்பெனிக்காக வாங்கியதும் அவர் காலத்தில்தான். பேரத்தைக் கவனியுங்கள்... கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை நிலமும் சேர்த்து! கடலூர் பக்கம் ‘குண்டு உப்பலவாடி’ என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. பேர் வந்த கதை இதுதான் என்பார்கள்.

அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், கிளைவ் மாறுவேடத்தில் தப்பி இங்கே ஓடி வந்தார். மறு வருஷம் பேனாவை வைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1749-ல் சிதம்பரத்துக்குத் தென்கிழக்கே, கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் உள்ள தேவிக்கோட்டையைத் தாக்கியபோது முன்னால் நின்றார். கூடப் போன வெள்ளைக்காரச் சிப்பாய்களில் பெரும்பாலோர் செத்துப்போக, இவர் மட்டும் மயிரிழையில் தப்பினார்.

திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது, படைகளுக்கு உணவுப் பொருள் சப்ளை செய்யும் பொறுப்பு. அரிசியிலும் ஆட்டுக்கறியிலும் கமிஷன் கொட்டியது! கைநிறையப் பார்த்துவிட்டவருக்குக் கேப்டன் சம்பளம் எம்மாத்திரம்? கம்பெனிக்கோ திருச்சி பக்கம் சந்தா சாகிப் நெருக்கிக்கொண்டிருந்த நேரம், அதிகாரிகள் போதவில்லை. காசு கேட்காத கேப்டன் கசக்குமா? கடலூரில் ஆர்டர் போட்டார்கள். அடுத்த சில வாரங்களில் ஆற்காடு கோட்டை அவர் கையில்.

1753-ல் ஊர் திரும்பியபோது கிளைவின் சொத்து சுமார் 40,000 பவுண்டு. ரைட்டர் சம்பளத்தில் இதைச் சேர்க்க 8,000 வருஷம் ஆகியிருக்கும்!

அடுத்த முறை இந்தியா வரும்போது அவர் பேசியது இன்னும் விவரமான பேரம். லெப்டினென்ட் கர்னல் பதவி, செயின்ட் டேவிட் கோட்டையின் தலைமை, அதற்கடுத்துச் சென்னை கவர்னர் நாற்காலியில் முன்னுரிமை. 1756 ஜூனில் கடலூரில் பொறுப்பேற்றார். அதே மாதம் கல்கத்தா நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் விழ, அங்கே அனுப்பப்பட்டார். பிளாசி முடிந்ததும் புது நவாப் மீர் ஜாஃபர் கொடுத்தது மட்டும் 2,34,000 பவுண்டு. நவாப் வீட்டுப் பணமா அது? வங்காளத்து விவசாயி கட்டிய வரி.

ஊழியருக்குக் கம்பெனி கொடுக்காமல் மிச்சம் பிடித்த சம்பளத்தை, அந்த விவசாயியும் நெசவாளியும்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது லண்டனுக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. 1786-ல் வந்த கார்ன்வாலிஸ்தான் கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாயும் வசூலில் 1 சதவீதமும் என்று நிர்ணயித்து, சொந்த வியாபாரத்துக்குத் தடை போட்டார்.

அந்த 1,500 ரூபாயும் நில வரியிலிருந்துதான் போயிற்று என்பது வேறு விஷயம்.