ஃபிளெஷ்டோன்ஸ் இசைக்குழு

ஃபிளெஷ்டோன்ஸ், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் 1976-இல் உருவான காரேஜ் ராக் இசைக்குழு. பாடகர் பீட்டர் ஸரெம்பாவும் கிதார் கலைஞர் கீத் ஸ்ட்ரெங்கும் முதல் நாளிலிருந்து குழுவில் இருப்பவர்கள். ட்ரம்ஸ் வாசிக்கும் பில் மில்ஹைஸர் 1980-இலும், பேஸ் கிதார் வாசிக்கும் கென் ஃபாக்ஸ் 1990-இலும் வந்து சேர்ந்தார்கள். அரை நூற்றாண்டை நெருங்கிய இந்தப் பயணத்தில் அவர்களின் ஒரு பாட்டுகூட அமெரிக்க வெற்றிப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வந்ததில்லை. அதனாலேயே இவர்களைப் பற்றிய குறிப்புகள் பலவும் துக்கம் விசாரிக்கும் தொனியில் இருக்கும்: திறமை இருந்தது, வாய்ப்புதான் கைகூடவில்லை என்று. இக்கட்டுரை அந்தக் கணக்கை ஏற்கவில்லை. இசைத்தட்டு விற்பனையை வைத்து இவர்களை அளப்பது, விடிய விடிய ஆடிய தெருக்கூத்தை அதன் அச்சுப் பிரதி எத்தனை விற்றது என்று கேட்டு அளப்பது போன்றது. இவர்களுடைய கலை, முன்பின் அறியாத நூறு பேர் கூடியிருக்கும் ஓர் அறையை ஒரே இரவில் கொண்டாட்ட வீடாக மாற்றும் கலை. அதற்கென்று வேலைமுறை உண்டு, பயிற்சி உண்டு, நெடிய முன்கதையும் உண்டு.

முன்கதை 1960-களின் அமெரிக்கச் சிற்றூர்களில் இருக்கிறது. வீட்டுக் கார் கொட்டகையில் ஒத்திகை பார்த்த பள்ளிப் பையன்களின் இசை என்பதால்தான் பின்னாளில் அதற்கு காரேஜ் ராக் என்று பெயர் வந்தது. ஆனால் அந்தப் பையன்கள் ஒத்திகை பார்த்தது இசைத்தட்டு போடுவதற்காக அல்ல. சனிக்கிழமை இரவு நடன அரங்கில் வாசிப்பதற்காக. பீட்டில்ஸ் 1964 பிப்ரவரியில் அமெரிக்கா வந்து இறங்குவதற்கு முன்பே, நாட்டின் வடமேற்கு மூலையில் டகோமா நகரின் வெய்லர்ஸ் போன்ற குழுக்கள் அந்த அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தன. ரிச்சர்ட் பெர்ரி 1957-இல் வெளியிட்ட ‘லூயி லூயி’ அங்கே எல்லாக் குழுக்களுக்கும் பொதுச்சொத்து. போர்ட்லாந்தின் கிங்ஸ்மென் 1963-இல் அதைப் பதிவு செய்தபோது, கிதார் பகுதி முடிந்ததும் பாடகர் ஜாக் ஈலி அவசரப்பட்டு முன்கூட்டியே நுழைந்துவிட்டார். அந்தப் பிழையைத் திருத்தாமலே வெளியிட்டார்கள். பாட்டு நாடு முழுவதும் இரண்டாம் இடம் வரை ஏறியது. வரிகள் புரியாததால் ஆபாசமாக இருக்குமோ என்று சந்தேகித்து எஃப்.பி.ஐ. விசாரணையே நடத்தியது, எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டாலும் ஒன்றும் விளங்கவில்லை என்பதுதான் விசாரணையின் முடிவு. ஆடியவர்களுக்கோ வரி விளங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இந்த இசை பிறந்தபோதே ஆட்டத்துக்காகப் பிறந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

1968 வாக்கில் அந்தப் பையன்களில் சிலர் கல்லூரிக்கும் சிலர் வியட்நாமுக்கும் போய்விட்டார்கள். ராக் இசை நீண்ட கிதார் தனிகளும் உட்கார்ந்து கேட்கும் ரசிகர்களும் கொண்டதாக மாறியது. மறக்கப்பட்ட அந்தக் குட்டிப் பாட்டுகளை மீட்டவர் லென்னி கே. எலெக்ட்ரா நிறுவனத்துக்காக 1972-இல் அவர் தொகுத்த ‘நக்கெட்ஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டில் 27 பாடல்கள் இருந்தன. அது பெரிதாக விற்கவில்லை. ஆனால் கேட்டவர்களில் பலர் குழு தொடங்கினார்கள். இந்தச் சூழலில்தான் குவீன்ஸின் வைட்ஸ்டோன் பகுதியில் வாடகை வீடொன்றில் தங்கியிருந்த ஸ்ட்ரெங்கும் யான் மாரெக் பகுல்ஸ்கியும், முன்பு குடியிருந்தவர் நிலவறையில் விட்டுச்சென்ற சில வாத்தியங்களைக் கண்டெடுத்தார்கள். ஸ்ட்ரெங் கிதாரையும் பகுல்ஸ்கி பேஸ் கிதாரையும் எடுத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து நண்பர் ஸரெம்பா பாட்டுக்கும் ஹார்மோனிகாவுக்கும் ஆர்கனுக்கும் வந்தார், லென்னி கால்டெரோன் ட்ரம்ஸுக்கு வந்தார். கொட்டகைக்குப் பதில் நிலவறை. மற்றபடி பழைய கதையேதான். 1976 மே 19 அன்று பௌவரி தெருவின் சி.பி.ஜி.பி. விடுதியில் முதல் முறையாக மேடையேறினார்கள். அதே விடுதியின் பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பம் வெளிவந்து ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.

காலமும் இடமும் இப்படிப் பொருந்தியும் அவர்கள் அந்த இடத்தோடு முழுதாக ஒட்டவில்லை. சி.பி.ஜி.பி.யின் மற்றக் குழுக்கள் கோபத்தையோ கலைத் தீவிரத்தையோ முன்வைத்தன. சாக்ஸபோனும் ஃபர்ஃபீசா ஆர்கனும் வைத்துக்கொண்டு எல்லாரையும் ஆடச் சொன்ன குழுவை எந்தப் பெட்டியில் அடைப்பது என்று விமர்சகர்களுக்குத் தெரியவில்லை. கிராம்ப்ஸ் குழுவோடு பௌவரியில் ஓர் ஒத்திகை இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த காலம் அது. மார்ட்டி தௌவின் ரெட் ஸ்டார் நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 1978-இல் ஒரு முழு ஆல்பமும் பதிவானது. ஆனால் அந்த நிறுவனத்திலிருந்து வெளிவந்தது 1979-இல் ‘அமெரிக்கன் பீட்’ என்ற ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு மட்டுமே. முழு ஆல்பம் ‘பிளாஸ்ட் ஆஃப்!’ என்ற பெயரில் ஒலிநாடாவாக வெளிவர 1982 ஆயிற்று. இதற்குள் அவர்கள் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்துக்கு மாறி, ‘ரோமன் காட்ஸ்’ ஆல்பத்தையே கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் பதிவானதும் பின்னால் பதிவானதும் ஒரே ஆண்டில் கடைக்கு வந்தன. வேறொரு குழுவாக இருந்தால் இந்தக் குளறுபடியிலேயே கலைந்திருக்கும். இவர்கள் கலையாததற்குக் காரணம், அவர்களின் பிழைப்பும் பெயரும் இசைத்தட்டைச் சார்ந்திருக்கவில்லை என்பதுதான். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆல்பமே இல்லாமல் விடுதிகளை நிரப்பப் பழகியிருந்தார்கள்.

அந்த இரவுகளில் என்னதான் நடந்தது? பாட்டுகள் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளாது. ஒன்று முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். மேடைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள எல்லையை அழிப்பதுதான் அவர்களின் முதல் வேலை. ஸரெம்பா ஆர்கனை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்குவார். கிதாரும் பேஸும் பின்னாலேயே வரும். சற்று நேரத்தில் ஒருவர் மது மேடையின் மேல் நின்று வாசித்துக்கொண்டிருப்பார், மற்றவர் மேசைமேல். கேட்க வந்தவர்கள் மேடைக்கு இழுக்கப்படுவார்கள். சில இரவுகளில் ஊர்வலம் வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விடும். பார்ப்பதற்கு இது வெறும் கும்மாளம். ஆனால் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: மூன்று பேர் அறை முழுக்கச் சுற்றித் திரியும்போது தாளம் எங்கே நிற்கிறது? இடம்பெயர முடியாத ஒரே ஆளான மில்ஹைஸரிடம். அவர் அரை மாத்திரை பிசகினால், ஒருவர் முகம் ஒருவர் பார்க்க முடியாத தூரத்தில் நிற்கும் மற்ற மூவரும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். அப்படி நேராமல் ஆயிரக்கணக்கான இரவுகளைக் கடந்திருக்கிறார்கள் என்றால், தற்செயல் போலத் தோன்றும் அந்தக் கும்மாளத்துக்கு அடியில் கடுமையான ஒழுங்கு இருக்கிறது என்றே பொருள். 1985-இல் பாரிஸின் ஜிபூஸ் விடுதியில் பதிவான ‘ஸ்பீட் கனெக்‌ஷன்’ ஆல்பத்தில் அந்த ஒழுங்கைக் காதாலும் கேட்கலாம். பிரான்ஸும் ஸ்பெயினும் இவர்களைச் சொந்த நாட்டைவிட அதிகம் கொண்டாடின. ஆட்டத்துக்கு மொழி வேண்டியதில்லை என்பது ‘லூயி லூயி’ காலத்திலேயே தெரிந்த செய்திதானே.

இவர்கள்மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை, பழமையைப் பிரதி எடுப்பவர்கள் என்பது. 1980-களில் அறுபதுகளின் முடிவெட்டு, உடுப்பு, வாத்தியம் எல்லாவற்றையும் அப்படியே அணிந்து வந்த மறுமலர்ச்சிக் குழுக்கள் பல இருந்தன. அந்தக் கூட்டத்தில் ஃபிளெஷ்டோன்ஸையும் சேர்ப்பது எளிது. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. ‘ரோமன் காட்ஸ்’ ஆல்பத்தில் நியூ ஆர்லியன்ஸ் பாடகர் லீ டார்சியின் சோல் பாட்டான ‘ரைட் யுவர் போனி’ இருக்கிறது. தலைப்புப் பாட்டோ பாடலே இல்லாத வாத்திய இசை. சர்ஃப் கிதார், ரிதம் அண்ட் புளூஸ், பங்க் வேகம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கலக்கி, அதற்கு ‘சூப்பர் ராக்’ என்று தாங்களே பெயரிட்டுக்கொண்டார்கள். காரேஜ் என்ற முத்திரை அவர்களுக்கு எப்போதும் சற்று இறுக்கமான சட்டையாகவே இருந்தது. இன்னொன்றும் உண்டு. அசல் காரேஜ் குழுக்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. பதின்வயது முடிந்தால் கதையும் முடிந்தது. அந்தத் துள்ளலை எழுபது வயதுவரை கொண்டுசெல்வதற்கு அறுபதுகளில் முன்மாதிரியே கிடையாது. முன்மாதிரி இல்லாத ஒன்றைப் பிரதி என்று எப்படிச் சொல்வது?

அடுத்த ஆட்சேபம் இதைவிட வலுவானது. கலை என்பது நினைவில் மட்டும் வாழ்ந்தால் போதுமா, கையில் ஒரு சான்றாவது மிஞ்ச வேண்டாமா? அதே ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தில் கோ-கோஸ் குழு 1982-இல் ஆல்பப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது; ஆர்.ஈ.எம். பின்னாளில் உலகின் பெரிய குழுக்களில் ஒன்றானது. ‘ரோமன் காட்ஸ்’ முதல் 200 ஆல்பங்களின் அடிப்பகுதியைத் தொட்டதோடு சரி. வாய்ப்பு வரவேயில்லை என்றும் சொல்ல முடியாது. எம்.டி.வி.யில் அந்த நிறுவனத்தின் ‘தி கட்டிங் எட்ஜ்’ நிகழ்ச்சியை 1980-களின் நடுவில் தொகுத்து வழங்கியவர் ஸரெம்பாதான். 1984-இல் டாம் ஹாங்க்ஸ் நடித்த ‘பேச்சலர் பார்ட்டி’ படத்தில் ‘அமெரிக்கன் பீட்’ புது வடிவில் ஒலித்தது. ஆண்டி வார்ஹோலின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நடிகர் இயன் மெக்கெல்லன் ஷேக்ஸ்பியரின் சானட் ஒன்றைச் சொல்ல, பின்னால் நின்று வாசித்ததும் இவர்களே. இது எப்படித்தான் நடந்ததோ என்று வியக்கத்தான் முடியும். இசைத்தட்டுத் தயாரிப்பாளர்களிலும் குறைவில்லை: 1991-இன் ‘பவர்ஸ்டான்ஸ்’ ஆல்பத்துக்கு ஹூடூ குருஸ் குழுவின் டேவ் ஃபால்க்னர், 1994-இன் ‘பியூட்டிஃபுல் லைட்’ ஆல்பத்துக்கு ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக், 1995-இன் ‘லேபரட்டரி ஆஃப் சவுண்ட்’ ஆல்பத்துக்கு ஸ்டீவ் ஆல்பினி. அறையில் ஒலிப்பதை அப்படியே பிடிப்பதில் பெயர்பெற்ற ஆல்பினியாலும் அந்த இரவுகளை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. ஆகவே ஆட்சேபத்தில் பாதி உண்மை: இசைத்தட்டுகள் மட்டும் கேட்பவருக்கு இவர்கள் நல்ல இரண்டாம் வரிசைக் குழு, அவ்வளவே. மறு பாதியை ஏற்க முடியாது. ஒலிநாடாவில் அடங்காத ஒன்றை, அடங்கவில்லை என்பதற்காகவே குறைத்து மதிப்பிடுவது அளவுகோலின் குறை. ‘நக்கெட்ஸ்’ பாட்டுகளே நடன அரங்குகளில் நடந்தவற்றின் மிச்சம் மட்டும்தான்.

கொண்டாட்டத்துக்கு விலையும் இருந்தது. ஜோ போனோமோ 2007-இல் வெளியிட்ட ‘ஸ்வெட்’ என்ற குழு வரலாறும், 2009-இல் வந்த ஆவணப்படமும் குடி, போதை, வறுமை, ஓயாத வேன் பயணம் எதையும் பூசி மெழுகவில்லை. பகுல்ஸ்கி 1986-இல் விலகினார். அவர் இடத்தில் டெலிவிஷன் குழுவின் ஃபிரெட் ஸ்மித், டிக்டேட்டர்ஸ் குழுவின் ஆண்டி ஷெர்னாஃப் உட்படச் சிலர் வந்துபோன பிறகே ஃபாக்ஸ் நிலைத்தார். குழுவின் சாக்ஸபோன் ஒலியாக இருந்த கோர்டன் ஸ்பேத் 2005-இல் மறைந்தார். நாள்தோறும் விருந்து நடத்துவதே தொழிலானவர்களுக்கு விருந்தாளியாக ஓய்வெடுக்க ஒரு நாளும் வாய்ப்பதில்லை. 2001-ஐ ஒட்டி ஸ்ட்ரோக்ஸ், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், ஸ்வீடனின் ஹைவ்ஸ் ஆகியோர் காரேஜ் ராக்கை மீண்டும் பத்திரிகை அட்டைக்குக் கொண்டுவந்தபோதும், இவர்களுக்குக் கிடைத்தது மரியாதையே தவிரப் பணமல்ல. இருந்தும் 2003-இல் யெப் ராக் நிறுவனத்தில் சேர்ந்த பின் சீரான வேகத்தில் ஆல்பங்கள் வந்தன. 2014-இன் ‘வீல் ஆஃப் டேலண்ட்’ ஆல்பத்தில் ரமோன்ஸை நினைவுகூரும் பாட்டு ஒன்றும் இருக்கிறது. ரமோன்ஸின் அசல் உறுப்பினர் நால்வரில் கடைசியாக இருந்த டாமியும் அதே ஆண்டில் காலமானார், சி.பி.ஜி.பி. 2006-இலேயே மூடப்பட்டுவிட்டது.

2011-இல் வெளிவந்த ‘புரூக்ளின் சவுண்ட் சொல்யூஷன்’ ஆல்பத்தில் இவர்களோடு கிதார் வாசித்தவர் லென்னி கே. தான் தொகுத்துக் கொடுத்த இசை என்னவாயிற்று என்று பார்க்க வந்தவர்போல அவர் அதில் இடம்பெறுகிறார். 2016-இல் வந்த ஆல்பத்துக்கு, குழுவினருக்குக் குடி இலவசம் என்று பொருள்படும் தலைப்பு. விடுதிக் கலைஞர்களின் பழைய கூலி ஒப்பந்தம் அது. 2024-இல் வந்த ஆல்பத்தின் தலைப்பு ‘இட்ஸ் கெட்டிங் லேட்’, அதாவது நேரமாகிறது என்று. அதை வீட்டில் கேட்க விரும்புகிறவர்கள், முதலில் நாற்காலிகளைச் சுவரோரமாக ஒதுக்கிவைத்துவிடுவது நல்லது.